கையில் தூக்கிப் போகிற அளவு

முதல் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதுதான். மகளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லி நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். அதை விடுங்கள். வெளிச்சம் நுழைகிற முன்வாய் எவ்வளவு அகலம், தாங்குகிற கால்கள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். முக்கியமாக, அந்தப் பெண்ணால் அதைத் தனியாகத் தூக்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். தூக்க முடியாத கருவி எவ்வளவு நல்லதானாலும் கொட்டகையில்தான் கிடக்கும்.

லாங்கலாண்ட் தீவின் வானியல் சங்கத்துக்கு வரும் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்லிவருகிறேன். என் தங்கை லிஸ்பெத்துக்கும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

கணவர் இறந்தபின் அவள் என்னோடு வந்து தங்கினாள். அதுவரை நான் தனியாக இருந்தேன். குளிர்காலத்தில், ரொட்டிக் கடையில் பேசுவதை விட்டால், என் குரலை நானே கேட்பதில்லை. அவள் வந்தபின் வானொலியை அணைத்துவிட்டேன். மனதுக்கு ஒரு பிடிப்பு இருக்கட்டும் என்று நான்கு அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் தூக்குகிற எடை. ஒரே பெட்டியில் அடங்கிவிடும். பொருத்துவது நான், பார்ப்பது அவள். அப்படியே பழகிவிட்டது.

மூன்றாவது கோடையின் தொடக்கத்தில், காலைக் காப்பியின்போது சொன்னாள்.

"அக்கா, கானரித் தீவுல எனக்கு வேலை கெடைச்சிருக்கு. சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வானத்தைக் காட்டணுமாம். செப்டம்பர்ல கிளம்பறேன்."

"தொலைநோக்கி?" என்றேன்.

"அதை விட்டுட்டா போவேன்? விமானத்துல கையோட கொண்டுபோற மாதிரி பாத்துப் பாத்து நீதானே வாங்கிக் குடுத்தே!"

உண்மைதான். பெரிதாக, கனமாக வாங்கியிருந்தால் அவள் போக நினைத்திருக்க மாட்டாள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். போகாதே என்று கேட்டும் பார்த்தேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் கவுன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் தலையைத் தடவி, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள்.

மலிவான தொலைநோக்கிப் பெட்டிகளில், சூரியனைப் பார்க்கவென்று ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி இருக்கும். கண் வைக்கிற இடத்தில் திருகுவது. குவிந்து விழும் வெயிலின் சூட்டில் அது வெடித்துவிடும். பிறகு கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவில் எதுவும் இல்லை. நம்பகமான மூடி தொலைநோக்கியின் முன்வாயில் போடுவது. அதனால் எங்கள் ஆகஸ்ட் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விற்க வருகிற பழைய பெட்டிகளிலிருந்து அந்தக் கண்ணாடிகளைப் பொறுக்கி, வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் உடைப்போம். சுத்தியல் எப்போதும் என் கையில்தான்.

"தோரா அக்கா அடிக்கிற அடியில தீவே ஆடுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா," என்று எங்கள் தலைவர் ஒலுஃப் வருடா வருடம் அதே கேலியைச் சொல்வார். அந்த வருடமும் சொன்னார். அந்த வருடம் நான் எல்லாவற்றையும் உடைக்கவில்லை.

லிஸ்பெத்தை வழியனுப்ப ஒரு ஞாயிறு மதியம் சங்கத் தோட்டத்தில் கூடினோம். கேக் இருந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. தொலைநோக்கியை நான் பொருத்தினேன்.

"முன்னாடி மூடி போட்டியா அக்கா?"

"போட்டாச்சு."

முன்குழாய் நீளமானது. பின்னால் நிற்பவருக்கு உள்ளே மூடி இருப்பதும் இல்லாததும் தெரியாது. அவள் வலது கண்ணை வைத்தாள். "சூரியன்ல இந்தக் கறுப்புப் புள்ளி பூமியை விடப் பெருசா இருக்கும் போல," என்றாள். அந்தக் கண்ணாடி வெடிக்கும் சத்தம் மிகச் சிறியது, சர்க்கரைக் கட்டியைக் கடிப்பது போல. வலிக்கவில்லை என்றாள். வலிக்காது என்று எனக்குத் தெரியும்.

காற்றில் மூடி விழுந்துவிட்டது என்றேன். புல்லில் மூடி கிடந்தது, எல்லோரும் நம்பினார்கள். வலது கண்ணால் எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு ஓர் ஓட்டைதான் தெரிகிறது. பயணம் நின்றது. நான் சமைத்தேன், படித்துக் காட்டினேன், கடற்கரையில் கைபிடித்து நடத்தினேன். "நீங்க இல்லேன்னா இவ என்ன ஆயிருப்பா, அக்கா," என்று ஒலுஃப் அழுதார். அந்தக் குளிர்காலம் நன்றாக இருந்தது.

பிப்ரவரியில் அவள் இடது கண்ணால் பார்க்கப் பழக ஆரம்பித்தாள். கானரிக்காரர்கள் வேலையை அவளுக்காக வைத்திருக்கிறார்களாம். "இதுக்கு ஒரு கண்ணு போதும்தானே அக்கா? ஈஸ்டர் முடிஞ்சதும் போறேன்," என்றாள். அவளுக்கு உதவுவதற்காகக் கண் வைக்கிற வில்லையைத் துடைத்துக் கொடுத்த ஒலுஃப், அதன் திருகு மரையில் சிக்கியிருந்த கறுப்புச் சில்லைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

தங்கைக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. தேர்ந்தெடுத்ததில் ஒரு பிழை நேர்ந்தது, அதைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். நீங்கள் படித்துக் காட்டிய என் வாக்குமூலத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். சந்தையில் நான் உடைக்காமல் வைத்துக்கொண்டது ஒரு கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு. மற்றது இதோ, இந்தக் கோட்டுப் பையில் இருக்கிறது.