முனவ்வரா டீச்சரும் சாய்ந்த பெட்டிகளும்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர் சுப்பண்ணன் அவர்களே, உடன்பிறந்த முனவ்வரா டீச்சரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் அபுபக்கர் பாய் அவர்களே, நனைந்த கம்பளியோடு உட்கார்ந்திருக்கும் எஸ்டேட் லயன் வீடுகளின் மக்களே! இந்தப் பள்ளியின் தலைமையாசிரியன் ஜாபேஸின் கண்ணீர் வணக்கம்.

அறிவியல் ஆசிரியை முனவ்வரா! வகுப்பில் இல்லையென்றால் அவரை எங்கே தேடுவோம்? தேயிலைச் சரிவில், சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில்! அந்த மரங்களில் எல்லாம் அவர் மாட்டிய கூட்டுப் பெட்டிகள். பட்டாணிக்குருவி பாசியைக் கொண்டுவந்து மெத்தை போடுவதையும், மூடியைத் தொட்டால் உள்ளேயிருந்து பாம்பு மாதிரி சீறுவதையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டியவர் யார்? கூண்டில் அடைக்காமலே ஒரு பறவையோடு பழகலாம் என்று சொல்லித்தந்தவர் யார்?

இந்தக் கோடையில் அவர் முகம் மாறியது. முட்டைகள் கூட்டின் நடுவில் இல்லை. ஓர் ஓரமாக உருண்டு கிடந்தன. பெட்டி சாய்ந்திருக்கிறது என்று கட்டை கொடுத்து நிமிர்த்தினார். அடுத்த வாரம் மறுபடியும் சாய்வு. அந்தச் சரிவில் இருந்த பெட்டிகள் அத்தனையும் ஒரே பக்கமாக, லயனைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அப்புறம்தான் வேர்ப்பக்கம் குனிந்து பார்த்தார். கை நுழையும் அளவுக்கு மண் பிளந்திருந்தது. மரத்தோடு சேர்ந்து மலையே நகர்கிறது!

கீழே விருந்தினர் பங்களாவுக்காக ஜேசிபி சரிவின் அடியை வெட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினார். கிடைத்த பதில் என்ன தெரியுமா?

"ஆணி சரியா அடிச்சிருக்க மாட்டீங்க டீச்சர். லீவுதானுங்களே, ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

லீவிலும் அவர் போகவில்லை. விடாத மழையில் ஒரு காலை, மேலேயிருந்து சேற்றுத் தண்ணீர் வருவதைப் பார்த்ததும், கொழுந்து பறிக்கும் ராஜகுமாரியை அழைத்துக்கொண்டு லயன் முழுக்கக் கதவு தட்டினார். திட்டியவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் கதவு திறந்த எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

"போதும், வாங்க டீச்சர். அந்தக் கடைசி ஊட்டுல யாரும் இல்லைங்க" என்றிருக்கிறார் ராஜகுமாரி.

"இருக்காரு. செருப்பு வாசல்ல கிடக்கு, பாரு."

திரும்பி ஓடினார். ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் லிங்கசாமி. இதோ, நம் நடுவில்தான் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார்: "திட்டிக்கிட்டே எந்திரிச்சேன் சார். 'பின்பக்கமா ஓடுங்க'ன்னு கத்துனாங்க. ஓடிட்டுத் திரும்பிப் பாத்தேன். முன்னால ஊடே இல்லைங்க."

டீச்சரை மண்ணிலிருந்து எடுக்க மறுநாள் ஆயிற்று.

அன்பானவர்களே! அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தான் நான் எழுந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வரும் வழியில் நானும் ராஜகுமாரியும் எதிர்ச்சரிவில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்தோம். ஒரு பெட்டிக்குள் தாய்க்குருவி ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பெட்டிகளும் சாய்ந்துவிட்டன. அதற்குக் கீழே இருப்பது ஐந்தாம் நம்பர் லயன். உங்களில் பாதிப்பேர் காலையில் கதவைச் சாத்திவிட்டு வந்த லயன்! அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியாயிற்று, வருகிறோம் என்றார்கள். மலை காத்திருக்குமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வெறுமனே "வீட்டுக்குப் போகாதீர்கள்" என்றால் கேட்பீர்களா? அன்று டீச்சர் சொன்னதும் திட்டாமல், சிரிக்காமல் கேட்டோமா? டீச்சர் எதைப் பார்த்தார், எதற்காகப் போனார் என்று தெரிந்தால்தானே நம்புவீர்கள்!

ராஜகுமாரியை ஏன் காணோம் என்று வாசலில் கேட்டீர்கள். வீட்டில் தங்கிவிட்டவர்களை அழைத்துவர அவர் அங்கே போயிருக்கிறார். நடக்க முடியாதவர்களைத் தூக்க அவருக்கு ஆள் வேண்டும். வகுப்பறைகளைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்று யாரும் லயனில் படுக்கக் கூடாது. ஜீப் வாசலில் நிற்கிறது.

மௌன அஞ்சலியைப் பிறகு வைத்துக்கொள்வோம். எழுந்திருங்கள்.