மீன் தொட்டியில் குறையும் தண்ணீர்

எனக்குக் காது மந்தம். ஆனால் பஸ் இரைச்சலுக்குள் மட்டும் என்னவோ துல்லியமாகக் கேட்கும், இளமையிலும் அப்படித்தான். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“அக்கா, படுக்கிற அறையிலை மீன் தொட்டி பில்டர் இரவிரவாக் களகளக்குது. கண் மூடேலாமல் கிடக்கு.”

“தண்ணி குறைஞ்சா அது கத்தும். நிரப்பிப்போட்டுப் படு பிள்ளை.”

“நிரப்பித்தான் படுக்கிறன். விடியப் பார்த்தாக் குறைஞ்சிருக்கு. நிலத்திலை ஒரு துளி ஈரமில்லை.”

“மீன் குடிச்சிருக்கும்,” என்று மூத்தவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “உன்ரை மாமியின்ரை சீவன் போன அறையெல்லோ அது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அவவுக்குச் செம்பிலை தண்ணி வைச்சனியளோ?”

“இல்லை. தொட்டி நிறையத் தண்ணி கிடக்குதுதானே எண்டு இவர் வேண்டாமெண்டிட்டார்.”

மூத்தவளின் சிரிப்பு நின்றது. “மனுசி தவிச்ச வாயோடை நிக்குது பிள்ளை. இண்டைக்கே வை.”

“நேற்று வைச்சனான். பில்டர் சத்தமே போடேல்லை.”

“பிறகென்ன, நல்லா நித்திரை கொண்டிருப்பாய்.”

“எங்கை அக்கா? விடிய எழும்பினால், மாமி குடிச்சு முடிச்சு வைக்கிற மாதிரியே, செம்பு கவிழ்த்து வைச்சுக் கிடந்தது.”