மீட்டர் அம்மா

கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதிவிடுவது என் வழக்கம். காலையில் ஸ்டேஷனிலிருந்து அழைத்தீர்கள், மதியமே வந்துவிட்டேன். யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுகிறவர் செங்கலைத் தானே சுடுவதில்லை. அதுபோலத்தான் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்களும். பந்து எப்படித் துள்ள வேண்டும், வெளிச்சம் சுவரில் எப்படி விழ வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் அடியிலிருந்து எழுதுவதில்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு, கேம் எஞ்சின் என்பார்கள். அதைச் செய்து தருவது எங்கள் நிறுவனம். வாங்கியவர்கள் சந்தேகம் கேட்க இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. பதினொரு வருடமாக அங்கே பதில் சொல்வது நான். பதிலண்ணன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். ஒருவர் தன் விளையாட்டில் வரும் நாய்க்கே அந்தப் பெயரை வைத்தார். "நாய்க்கு வச்சதுக்கா இந்தச் சந்தோஷம்" என்று என் மனைவி கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மச்சானைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு திருத்தம். அவன் முன்கோபி இல்லை. கோபம் வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறவன். என் மனைவிக்குத் தம்பி, முப்பத்திரண்டு வயது. நான்கு வருடமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து ஒரே ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவன் ஒவ்வொரு மாடியாக இறங்கி அங்கங்கே இருக்கிற குடும்பங்களின் கதையைத் தெரிந்துகொள்வதுதான் விளையாட்டு. அதற்காக எங்கள் கட்டடத்து லிஃப்டின் சத்தத்தை இரண்டு வாரம் பதிவு செய்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தார்கள். எங்கள் எஞ்சினில் செய்யச் சொன்னது நான்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

புதிய கட்டணத்தை நிறுவனம் அறிவித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விளையாட்டை யாராவது தன் கைப்பேசியில் இறக்கினால், இறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் செய்தவர் எங்களுக்கு ஒரு தொகை தர வேண்டும். இலவசமாகக் கொடுத்த விளையாட்டுக்கும் உண்டு. பல வருடம் முன்பு செய்து முடித்ததற்கும் உண்டு. மன்றத்தில் இதை விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும். முடிவெடுத்த கூட்டத்தில் குறிப்பெடுத்தவனே நான்தான். அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு ஆள், விலைப் பிரிவில் இருந்த அந்த அம்மாள். கணவர் இல்லை, மகன் வெளியூரில் படிக்கிறான். வேலை முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகிறவர். அன்று மூன்று முறை கையைத் தூக்கினார். "செஞ்சு முடிச்சதுக்கும் சேத்துக் கேட்டா அதுக்குப் பேரு கட்டணம் இல்ல சார், கைய முறுக்கறது" என்றார். மேலாளர் என்னைப் பார்த்து, "அத எழுத வேணாம்" என்றார். நான் எழுதவில்லை.

அறிவிப்பு வந்த அன்று மாலைக்குள் நான்காயிரம் செய்திகள். முகம் தெரியாதவர்கள் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுதியவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். குழந்தை பிறந்ததை என்னிடம் சொன்னவர்கள், முதல் விளையாட்டு விற்றதும் எனக்கு நன்றி எழுதியவர்கள். 'பதினொரு வருஷமா எங்களோட சிரிச்சுப் பேசினது இதுக்குத்தானா' என்று ஒருவர் கேட்டிருந்தார். நாய்க்கு என் பெயரை வைத்தவர் அதை மாற்றிவிட்டார்.

வீட்டில் மச்சான் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்ச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"சத்தியமா?"

"எனக்கே செவ்வாய்க்கிழமைதான் சொன்னாங்க."

அவன் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனான். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. பாத்திரங்களை மனைவி ஏற்கெனவே கழுவி வைத்திருந்தாள்.

அடுத்து நான் செய்தது தவறு என்பார்கள். அந்த நேரத்தில் அதுதான் நியாயமாகப் பட்டது. இத்தனை பேருடைய கோபம் எங்கேயாவது போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்? நிறுவனம் என்பது ஒரு கட்டடம், அதற்கு வலிக்காது. மேலாளருக்கு வாசலில் காவல் இருக்கிறது. என் மீதே விழுந்துகொண்டிருந்தால் மன்றம் கலைந்துவிடும், அவர்களுக்குத்தான் நஷ்டம். அந்த அம்மாளோ இணையப் பக்கமே வராதவர். தன்னைப் பற்றி எழுதியிருப்பது அவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை என்று நினைத்தேன்.

வேறொரு பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். நிறுவனத்துக்குள் இருப்பவன் பேசுகிறேன் என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதினேன். இந்தக் கட்டணம் முழுக்க ஒரே ஆளின் மூளையில் உதித்தது, மற்ற எல்லோரும் எதிர்த்தோம், அந்த ஆள் இவர்தான் என்று. கூடவே ஒரு படமும் போட்டேன். அலுவலக ஆண்டுவிழாவில் எடுத்தது.

மறுநாளே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், மீட்டர் அம்மா. தடவைக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓட்டுகிறவராம். பெயர் வைப்பதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. என்னிடமும் திரும்பி வந்தார்கள். 'பாவம் பதிலண்ணன், அவர் என்ன செய்வார், மேல இருக்கறவங்க சொன்னத எழுதறார்.' அன்று மச்சான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மனைவி அவனுக்கு இரண்டாம் முறை பரிமாறியபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த அம்மாளுக்கு ஃபோன்கள் வரத் தொடங்கின. எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிறகு வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்ட். மகன் படிக்கும் கல்லூரிக்குக் கடிதம். இப்படியெல்லாம் செய்வது முறையில்லை என்று மன்றத்தில் நானே கண்டித்தேன், பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அவர் ஃபோனை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருநாள் என் காரில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. "கீழ ரெண்டு வீடும் ஆளில்லாம பூட்டித்தான் கெடக்கு, தனியா இருக்க பயமா இருக்கு சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகூட எட்டு மணிக்குக் கடைக்குப் போய் வந்தால் பிறகு கதவைத் திறப்பதில்லை என்றார். தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் நிறுவனம் இறங்கி வந்தது. பழைய விளையாட்டுகளுக்குக் கட்டணம் இல்லை, புதியவற்றுக்குப் பாதி. எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், அந்தப் படத்துல நான் கண்ண மூடியிருக்கேன்" என்றார்.

"எந்தப் படம்?"

"ஊரெல்லாம் சுத்துதே, அது. மத்தவங்க எடுத்ததுல எல்லாம் கண்ணு தெறந்துதான் இருக்கு. இது நீங்க எடுத்தது. எனக்கு மட்டும் அனுப்பினீங்க. நின்னுக்கிட்டே தூங்கறீங்களேன்னு கிண்டல் பண்ணீங்க."

நான் திரையில் திறந்திருந்த மன்றத்தை மூடினேன்.

"யார்கிட்டயும் நான் சொல்லல. திங்கக்கிழம வரைக்கும் பாக்கறேன். மன்றத்துல நீங்களே எழுதிடுங்க. உங்க வேலை போகாம நான் பேசிக்கறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஏன் செஞ்சீங்கன்னு கேக்க மாட்டேன். கேட்டா ஏதாவது பதில் சொல்லுவீங்க."

சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. மரியாதையானவர்.

நான் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பதினொரு வருடம் ஒரே நாளில் போய்விடும். அதைக்கூட விட்டுவிடலாம். மச்சான் முகத்தை நினைத்தால்தான் தாங்கவில்லை. 'சத்தியமா' என்று கேட்டவன் அவன். அப்பா இல்லாத பையன், என்னை மட்டுமே நம்பி வளர்ந்தவன். அவனுக்கு அப்படியொரு அடியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"பாதி கட்டணம்னு சொன்னதெல்லாம் கண்துடைப்பு. அந்த அம்மா புதுசா ஒரு பட்டியல் போடறாங்க. திங்கக்கிழம மேல போகுது."

மச்சான் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "என்னோடது அடுத்த மாசம் வெளிய வருது மாமா."

"தெரியும்."

"அவங்கள நேர்ல பாத்துப் பேசினா? என் கணக்கக் காட்டினா? அவங்களும் மனுஷிதானே."

"பேசிப் பாக்கலாம். தப்பில்ல."

"எங்க இருக்காங்க?"

தெருவைச் சொன்னேன். மாடியைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கடைக்கு இறங்குவார் என்றும் சொன்னேன். "பாத்துப் பேசுடா" என்றாள் என் மனைவி. பேசத்தான் போகிறேன் என்றான்.

ஞாயிறு காலை எட்டு இருபதுக்கு அவன் ஃபோன் வந்தது. அந்த நேரமும் எத்தனை நிமிடம் பேசினோம் என்பதும் உங்களிடம் இருக்கிறது. என்ன பேசினோம் என்பது இருக்காது.

"மாமா, விழுந்துட்டாங்க."

"யாரு?"

"பையப் புடிச்சேன், அவங்க இழுத்தாங்க, நான் விட்டுட்டேன். கீழ வரைக்கும் போயிட்டாங்க மாமா."

"பேசறாங்களா?"

"பேசல. மூச்சு விடறாங்க, சத்தம் கேக்குது. நான் ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

"நீ கூப்பிடாத, உன் நம்பர் பதிவாயிடும். நான் கூப்பிடறேன். நீ வீட்டுக்கு வா."

"சீக்கிரம் வந்துடுவாங்கல்ல?"

"வந்துடுவாங்க. நீ கெளம்பு."

ஃபோனை மேசையில் வைத்தேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மன்றத்தைத் திறந்து பார்த்தேன், ஞாயிறு என்றாலும் கேள்விகள் வந்திருந்தன. தன் விளையாட்டில் பந்து தரையில் நிற்காமல் தரைக்குள் புகுந்து விழுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். சுலபமான விஷயம்தான், தரைக்குத் திடத்தன்மை கொடுக்க மறந்திருக்கிறாள். படத்தோடு விளக்கி எழுதினேன். எட்டு முப்பத்தொன்று. பிறகு இன்னும் நான்கு பேருக்கு. கடைசிப் பதில் ஒன்பது இருபது. இதையும் உங்கள் ஆட்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், இந்தத் தாளில் பார்த்தேன்.

தண்ணீர் கேன் போடுகிறவர் ஒன்பதே முக்காலுக்குப் பார்த்திருக்கிறார். விழுந்த பிறகு ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

ஆம்புலன்ஸை நான் கூப்பிடவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், எனக்கும் அது அழகில்லை. அவர் பிழைத்துக் கண் விழித்தால் முதலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு தடவையும் மச்சானை நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே அவனாக வந்து உங்களிடம் சரணடைந்துவிட்டான். நானும் தடுக்கவில்லை. பையை ஏன் பிடித்து இழுத்தான் என்பதை அவன் வாக்குமூலத்தில் வாசித்தேன். அதுவரை கையைக் கூப்பிக்கொண்டுதான் பேசியிருக்கிறான். 'இத நீ பதிலண்ணன்கிட்டயே கேளுப்பா' என்று அந்த அம்மாள் சொன்னாராம். என் மாமாவை எதற்கு இதில் இழுக்கிறீர்கள் என்று இவனுக்கு அப்போதுதான் கோபம் வந்திருக்கிறது.

வியாழக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இளைத்துத் தெரிந்தான். "நீங்க உடனே கூப்பிட்டும் அவங்க ஏன் மாமா வரல?" என்று கேட்டான். "வழியில நெரிசல்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நெரிசல் என்று அவன் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களைத் திட்டினான், பிறகு அழுதான். போகும்போது, "நீங்க ஒருத்தராவது எனக்காக நின்னீங்க" என்றான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இதை மச்சானுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவன் வாழ்நாள் முழுக்கத் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருப்பான், அது ஒன்றும் செய்யாது, காலப்போக்கில் ஆறிவிடும். மாமா நல்லவர் என்ற நம்பிக்கை மட்டும் அவனுக்கு இருக்கட்டும். அதைக்கூட அவனிடமிருந்து பிடுங்குகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.