தீர்வையில்லாத பார்சல்

காலையில் எழுந்ததும் முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் காபிக்கு வைப்பேன். அது கொதிப்பதற்குள் ஒரு ஞாலிப்பூவன் வாழைப்பழத்தை உரித்து, நடுவில் கத்தியால் கீறி, உள்ளே மாத்திரையை வைத்து மூடுவேன். என் மனைவி கமலாத்தாளால் தண்ணீரோடு மாத்திரை விழுங்க முடியாது. தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும். பழத்தோடு என்றால் இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கண் இமைகள் மேலே ஏறும். அதன் பிறகுதான் காபி குடிப்பாள், பேசுவாள்.

அவள் இறந்த பிறகும் காலையில் பழத்தை உரித்துவிடுகிறேன். பிறகு நானே தின்றுவிடுகிறேன்.

நேற்று நீங்கள் கொச்சி சுங்க அலுவலகத்திலிருந்து எங்கள் ஊர் பெருமாட்டிக்கு வந்து, எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, உடைந்த மருந்துப் புட்டி ஒன்றையும் அதற்குள் பஞ்சில் சுற்றியிருந்த சிறிய எஞ்சினையும் எடுத்து வைத்தீர்கள். இந்தப் பார்சல் யாருக்கு வந்தது என்று கேட்டீர்கள். எனக்கு என்றேன். "டியூட்டி விஷயம் மாத்ரம்தான். அஞ்சு வரி எழுதிக் குடுத்தா மதி" என்றீர்கள். ஐந்து வரி போதும் என்றதால் அப்படியே எழுதிப் பார்த்தேன். எஞ்சினைப் பற்றிச் சொன்னால் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இது கொஞ்சம் நீளும்.

என் பெயர் அர்த்தநாரி. பாலக்காட்டில் பி.எஸ்ஸி. படித்தேன். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது மாடல் விமானம் கட்டவும் பறக்கவிடவும் கற்றுக்கொண்டேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்து நெல்லும் தென்னையும் பார்த்தேன். எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மாடல் விமானத்தின் உடம்பை இங்கேயே கட்டிவிடலாம். மூங்கில் சீவலும் நெட்டியும் மெல்லிய காகிதமும் போதும். எரிபொருளையும் கலந்துகொள்ளலாம். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். எஞ்சினை மட்டும் நம்மால் செய்ய முடியாது. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், ஆனால் கப்பலில்தான் வர வேண்டும். முன்பு கோயம்புத்தூரில் ஒரு கடையில் கிடைத்தது. பிறகு தீர்வையை ஏற்றினார்கள். எஞ்சினின் விலையைவிட அதன் தீர்வை பெரிதாயிற்று. அதற்குமேல் இறக்குமதி லைசென்ஸும் வேண்டும், அது பொம்மைக்குக் கிடைக்காது. கடைக்காரர் அந்தக் கண்ணாடி அலமாரியில் பிரஷர் குக்கர் அடுக்கிவிட்டார். "இனி இந்தப் பக்கம் வராதீங்க தம்பி, உங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்குது" என்றார்.

வண்டிப்பெரியாரில் இன்னாசிராஜ் என்று ஒருவர், ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் தலைமைக் கிளார்க். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜர் விட்டுச் சென்ற மாடல் விமானங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்து, பிறகு எங்கே எது கிடைத்தாலும் வாங்குகிறவர் ஆகிவிட்டார். கோயம்புத்தூர்க் கடையில்தான் பழக்கம். விமானத்தை நான் கட்டிக் கொடுப்பேன், அவர் எஞ்சின் கேட்பார். "கஸ்டம்ஸ்காரனுக்கு இது பொம்மையா மெஷினான்னே தெரியாது தம்பி. ரெண்டுக்கும் சேத்துல்லா வரி போடுதான்" என்பார். பறக்காத விமானத்தை அலமாரியில் வைப்பது, பாடம் செய்த கிளியை வைப்பது மாதிரி என்பார். அவர் மேல் குற்றம் இல்லை. எஞ்சின் எப்படி வருகிறது என்று அவருக்கு நான் சொன்னதில்லை.

கமலாவுக்குக் கல்யாணமான அடுத்த வருடமே நோய் வந்தது. தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய். காலையில் நன்றாக இருப்பாள். பொழுது சாயச் சாய இமை தொங்கும், குரல் மூக்கால் வரும், சோற்றை மெல்ல மெல்லத் தாடை நின்றுவிடும். இங்கே கிடைத்த மருந்து அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் கிடைத்தது ஒத்துக்கொண்டது. அவளுடைய அண்ணன் காளிச்சாமி அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவர் வாங்கி அனுப்புவார். உயிர் காக்கும் மருந்து என்பதால் டாக்டரின் சான்றிதழ் இருந்தால் தீர்வை இல்லை. ஆறு மாதத்துக்கு ஆறு புட்டி என்று எழுதியிருந்தது. உங்கள் ஆட்கள் புட்டிகளை எண்ணுவார்கள், திறக்க மாட்டார்கள். அதற்காக அவர்களையும் குறை சொல்ல முடியாது. நோயாளியின் மருந்தைக் கையால் தொட யாருக்கும் மனசு வராது.

வாய் அகலமான பழுப்பு நிறப் புட்டி அது. ஒருநாள் காலியான புட்டியைக் கழுவி வெயிலில் வைத்தபோது, என்னிடமிருந்த பழைய எஞ்சினை அதற்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. வேறெதுவும் அப்போது நினைக்கவில்லை.

மச்சானுக்கு எழுதினேன். கமலா தேறிவிட்டாள், டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார், ஆனால் சான்றிதழ் பழையபடிதான் இருக்கிறது, ஒரு புட்டியின் இடம் சும்மா கிடக்கிறது, அதில் ஒரு எஞ்சின் வைத்து அனுப்ப முடியுமா என்றேன். தங்கை தேறிவிட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கோயிலில் பாலாபிஷேகம் செய்ததாகப் பதில் எழுதினார். அடுத்த பார்சலில் ஐந்து புட்டியில் மாத்திரையும் ஒன்றில் எஞ்சினும் வந்தன. அவரை நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. அவர் தீர்வையை ஏமாற்றினார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவருக்குத் தெரியாது.

ஆறில் ஐந்து என்பது பெரிய வித்தியாசம் இல்லை. மத்தியான மாத்திரையைச் சில நாள் விட்டேன். அவள் சமாளித்தாள். அடுத்த பார்சலில் இரண்டு எஞ்சின்கள் வந்தன. ஒன்றை இன்னாசிராஜ் வாங்கிக்கொண்டார், ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்ட ஆரம்பித்தேன். அடுப்பங்கரையில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வெட்டுவேன். பழத்தை மூடிவிட்டால் உள்ளே பாதி இருக்கிறதா முழுசு இருக்கிறதா என்று வெளியே தெரியாது. அதற்கும் அவள் சமாளித்தாள்.

எஞ்சின் அண்ணன் அனுப்புவது என்று அவளுக்குத் தெரியும். எதன் இடத்தில் வருகிறது என்பது தெரியாது. பார்சலை நான் களத்துக் கொட்டகையில் வைத்துத் தனியாகத்தான் பிரிப்பேன். எரிபொருள் கலக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஏனுங்க, என்னையக் கட்டிக்கிட்டீங்களா, இதையக் கட்டிக்கிட்டீங்களா?" என்பாள். "இதாவது காத்துல நிக்குது. என்னைய நிக்க வைக்கத்தான் ஆள் வேணும்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தால் உதடு ஒரு பக்கம் மேலே போகாது. அதனால் அவள் சிரிக்கிறாளா என்று சில சமயம் எனக்குத் தெரியவில்லை.

அவள் இளைத்துப்போனதும் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளைக் கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கைகள் உடனே இறங்கிவிட்டன. "மருந்தை வேளை தவறாமக் குடுக்கறீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"காலையிலயும் சாயங்காலமும் நானேதான் குடுக்கறேனுங்க" என்றேன். அது உண்மை.

கமலா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "அவருதானுங்க குடுக்கறாரு" என்றாள்.

நோய் முற்றுகிறது என்று டாக்டர் முடிவு செய்தார். மருந்தைக் கூட்டினார். சான்றிதழில் எட்டுப் புட்டி என்று எழுதினார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பொள்ளாச்சி வரும்வரை நான் அந்த இரண்டு புட்டிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவை அவளுக்கு உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. தீர்வையில்லாத இடம் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

நீங்கள் சட்டம் தெரிந்தவர். யோசித்துப் பாருங்கள். எஞ்சினுக்கு நியாயமான தீர்வை இருந்திருந்தால் நான் கட்டியிருப்பேன். தீர்வை கட்டுகிறவனுக்கும் லைசென்ஸ் இல்லை என்றார்கள். எல்லாக் கதவும் மூடியிருந்தது. திறந்திருந்தது அவளுடைய நோய் மட்டும்தான். நோய் கூடக் கூட அந்தக் கதவு அகலமானது. நானாக எதையும் திறக்கவில்லை.

மாசி மாதம், இரண்டாம் போகம் அறுத்து வயல் காய்ந்து கிடந்தது. புது எஞ்சின் பறப்பதைப் பார்க்க இன்னாசிராஜ் கம்பம், திண்டுக்கல், பொள்ளாச்சி என்று பஸ் மாறி வந்திருந்தார். பகலில் இங்கே விமானம் விட முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கி அடித்துவிடும். பொழுது சாயும்போதுதான் காற்று அடங்கும். கமலா சோர்ந்துபோகும் நேரமும் அதுதான்.

புட்டியில் கொஞ்சம் மாத்திரைகளே மிச்சம் இருந்தன. அடுத்த பார்சல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதனால் அன்று காலைப் பழத்தில் நான் எதுவும் வைக்கவில்லை. அவள் வெறும் பழத்தைச் சாப்பிட்டு முடித்தாள். சாயங்காலம், "நானும் வாரேனுங்க, பாக்கோணும்" என்றாள். கைத்தாங்கலாக அழைத்து வந்து வரப்போரம் தென்னை மரத்தில் சாய்த்து உட்கார வைத்தேன்.

நான் விடுவது கம்பி கட்டிய விமானம். நடுவில் நிற்கிறவன் கையில் பிடி இருக்கும். பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். அது நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கும், நாமும் கூடவே சுற்ற வேண்டும். எஞ்சினை இடையில் நிறுத்த முடியாது. தொட்டியில் எண்ணெய் தீரும்வரை பறந்துதான் ஆக வேண்டும். கையை விட்டால் விமானம் தரையில் குத்திவிடும். எஞ்சின் நொறுங்கிவிடும்.

அருமையாகப் பறந்தது. அவ்வளவு சீரான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தென்னை மரம் என் கண்ணில் பட்டது. முதலில் கமலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் அந்தக் கை மடியில் கிடந்தது. அதற்கும் அடுத்த சுற்றில் அவள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள்.

இன்னாசிராஜ் அவளிடம் ஓடினார். "தம்பி, தங்கச்சிக்கு மூச்சு வாங்குது. கம்பிய விடுங்க" என்று கத்தினார்.

"எண்ணெய் இருக்குதுங்க" என்றேன்.

"எண்ணெயாவது மண்ணாவது, விட்டுட்டு வாங்கய்யா. போனாப் போவுது."

நான் விடவில்லை. அவர் அவளை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டார். அதையும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். நின்று பார்க்க முடியவில்லை, ஏனென்றால் நின்றால் கம்பி தளர்ந்துவிடும். எண்ணெய் தீர்ந்தது. விமானத்தை மெதுவாக இறக்கினேன். சக்கரம் தரையில் உருண்டு நின்றது. பிடியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவளிடம் போனேன்.

வீட்டுக்கு ஓடி மாத்திரையும் பழமும் எடுத்து வந்தேன். பிளேடு தேடவில்லை. முழு மாத்திரையைப் பழத்துண்டில் வைத்து அவள் வாயில் கொடுத்தேன். அவளால் மெல்ல முடியவில்லை. நாக்கில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு வார்த்தை பேசினாள். அதன் பிறகு பேசவில்லை. இன்னாசிராஜ் ஒரு டாக்ஸி பிடித்து வந்தார். பாலக்காட்டுக்குப் போகிற வழியில், சித்தூர் தாண்டும்போது, மூச்சு நின்றது. வாயைத் துடைத்தபோது மாத்திரை கரையாமல் என் கைக்கு வந்தது.

நோய் திடீரென்று முற்றியதாக ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மாமியார் மருதாத்தாள் என் தலையைத் தடவி, "கடைசி வரைக்கும் நீங்கதானே சாமி பாத்தீங்க" என்று அழுதார். இன்னாசிராஜ் மட்டும் எஞ்சினை வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "வேண்டாம் தம்பி, நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

இப்போது நீங்கள் கொண்டுவந்தது, அன்று கப்பலில் வந்துகொண்டிருந்த பார்சல். ஒரு புட்டி உடைந்ததால் மற்றவற்றையும் திறந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். எட்டில் எத்தனை புட்டிகளில் மாத்திரை இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நான்தான் அப்படி அனுப்பச் சொன்னேன். அவள் உயிரோடு இருந்திருந்தாலும் இந்தப் பார்சல்தான் வந்திருக்கும்.

எஞ்சினுக்குத் தீர்வையும் அபராதமும் போடுங்கள், கட்டிவிடுகிறேன். என் மனைவியை நான்தான் கொன்றேன். அதற்கு உங்கள் பட்டியலில் இடம் இல்லை என்று நீங்கள் சொன்னால், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் எனக்கு ஆறுதல் இருந்தது. அவளுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அவள் என்னைச் சந்தேகப்படாமல் போனாள் என்று. இதை இவ்வளவு தூரம் எழுதும்வரையிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். மாமியாரிடம், அம்மா என்று கூப்பிட்டதாகச் சொன்னேன். மச்சானுக்கு, அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னதாக எழுதினேன். இரண்டும் பொய். மரத்தடியில் அந்தப் பழத்துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு, மூக்கால் வந்த குரலில் அவள் சொன்னது இது:

"முழுசாக் குடுத்துட்டீங்களே. நாளைக்கு என்னங்க பண்ணுவீங்க?"