தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவன்

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே என்று உருகி உருகிக் கும்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலி! தலைவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். காலி நாற்காலிக்கு இத்தனை மரியாதை செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரியுங்கள், சிரியுங்கள். இதோ வந்துவிட்டார்; தலைவரே, மறுபடியும் வணக்கம்! எங்களைத் திருப்பயணம் அழைத்துச் சென்ற பங்குத்தந்தை அவர்களே, அறிவில் மூத்த பெரியோர்களே, அன்பில் மூத்த தாய்மார்களே, பின்வரிசையில் கொட்டாவி விடும் கண்மணிகளே! பத்தாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

புனிதரின் ஊரைப் பார்த்து வந்ததைப் பேசச் சொன்னார்கள். பக்தியைப் பற்றிப் பேச நான் யார்? பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

செவிலியான என் மகள், வரும் திங்கட்கிழமை கடல் கடந்து, தொற்றுக் காய்ச்சல் முகாமில் சேவை செய்யப் போகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து, “அப்பா, சீக்கிரம் முடிங்க” என்று கண்ணாலேயே மிரட்டுகிறாளே, அவள்தான்.

புனிதர் பிறந்த அறையைக் காட்டினார்கள், குனிந்து நுழைந்தோம். திருமுழுக்குப் பெற்ற கல்தொட்டியைக் காட்டினார்கள், தொட்டு வணங்கினோம். அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு தானிய அறை. ஜன்னல் கிடையாது. காய்ச்சல்காரர்களுக்குப் பணிவிடை செய்யப் புறப்பட்ட மகனை, அவருடைய தகப்பனார் அதற்குள்தான் தள்ளித் தாழ் போட்டாராம். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நான் கொட்டவில்லை. அந்த மனுஷரை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் உள்ளே போக வேண்டும். அவர் வீட்டு ஆள் வெளியே தாழ் போட வேண்டும். உள்ளிருப்பவர் செபித்து முடித்துத் தட்டினால் திறக்க வேண்டும். மகள் உள்ளே போனாள். நான் தாழ் போட்டேன்.

தட்டினாள். என் கை எழவில்லை.

மறுபடி தட்டினாள். “அப்பா, முடிச்சிட்டேன், திறங்க.”

நாளெல்லாம் பேருந்துக் கதவைத் திறந்து மூடுகிற கை, தாய்மார்களே! மரக்கட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும்வரை அவளைக் காய்ச்சல் தொடாது. உள்ளே இருக்கும்வரை அவளை விமானம் ஏற்றாது. உள்ளே இருக்கும்வரை அவள் என் மகள்!

“என்னங்க, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா? புள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது!” இது என் மனைவி.

“அண்ணே, நாங்களும் புண்ணியம் தேடத்தான் வந்திருக்கோம், வழி விடுங்க!” இது நம் தையற்காரர். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன், ஒளிந்துகொள்ளாதீர்கள்.

மூன்றாவது தட்டல் மெல்ல வந்தது. “அப்பா... நீங்க அங்கதானே இருக்கீங்க?”

அந்தக் குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம்! அந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்? திறந்துவிட்டேன்.

பெரியோர்களே! மகனைப் பூட்டிய தகப்பனைத் திட்ட ஆயிரம் பேர் உண்டு. ஆனால் பூட்டியவரே மறுநாள் திறந்தும் விட்டார் என்று வழிகாட்டி சொன்னாரே, அதைக் காதில் வாங்கியவர் யார்? அச்சம் தீர்ந்தா திறந்தார்? ஆறுதல் கிடைத்தா திறந்தார்? இல்லை ஐயா, இல்லை! அச்சம் தீரவே தீராது என்று தெரிந்து திறந்தார்! அஞ்சாதவன் திறப்பது கதவு. அஞ்சுகிறவன் திறப்பது நெஞ்சு! கைதட்டலுக்கு நன்றி. இந்த வரியைப் பேருந்து ஓட்டிக்கொண்டே யோசித்தேன், பெற்றோர்கள் மன்னிக்கவும்.

கடைசியாகக் கல்லறை. புறப்பட்டுப் போன புனிதர் அதே காய்ச்சலில் விழுந்து, உயிரில்லாத உடலாக ஊர் திரும்பி அடங்கிய இடம். முழங்காலிட்டோம். எழுந்திருக்க எனக்குத்தான் வெகுநேரம் ஆனது.

“என்னப்பா, இவ்வளவு நேரமா என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்றாள் மகள்.

“உலக சமாதானம்மா” என்றேன்.

மகளே, தைரியமாகப் போய் வா! காலி நாற்காலியைக் கும்பிட்டவனையும் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி, வணக்கம்.

கைதட்டலுக்கு நடுவே மேடையை விட்டு இறங்கினேன். கல்லறையில் கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை: ‘சாமி, என் பொண்ணை உங்களை மாதிரி புனிதர் ஆக்கிடாதீங்க.’