ஒரே சீசன்

சேந்தமங்கலத்தில் மலை பஸ் ஏறியதும் கண்ணை மூடினேன். முன்சீட்டுப் பேச்சு தூங்க விடவில்லை.

"ஒரே சீசன் ஆடிட்டு ஓடறவனையெல்லாம் கபடி டீமுக்கு எதுக்குங்க எடுக்கறாங்க?" என்று அலுத்துக்கொண்டார் மலைப்பள்ளி வாத்தியார்.

பக்கத்தில், காலி மிளகுச் சாக்கை மடியில் வைத்திருந்த, மலைமேல் அரியூர் நாட்டு ஊர்க்காரர், "வேற ஆளு கிடைக்கலீங்களா?" என்றார்.

"எடுத்திருக்காங்க. அவனும் போயிருவான். கை கோத்து நின்னு புடிக்கற ஆட்டமுங்க. வருசா வருசம் புது ஆளு வந்தா, யாரு கையை யாரு நம்பறது?"

"செரிதானுங்க சார். எம் புள்ளைக்கும் மூணு வருசத்துல நீங்க மூணாவது கணக்கு சாரு. உங்க டிரான்ஸ்பர் என்னாச்சுங்க?"

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப, வாத்தியார் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்டர் வந்துருச்சுங்க."