ரிவர்ஸ்லயே ஓடுன வண்டி

இல்ல சார், இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க. மேடம் பட்டுப்பொடவ செக்ஷனுக்குத்தான போய்க்கீறாங்க, அது மூணாவது மாடி. அங்க போனவங்க சீக்கிரம் எறங்குனதா இந்த தி.நகர்லயே சரித்திரம் கெடயாது. ஏசி வேணும்னா போட்டுக்கங்க, எனக்கு இன்னா, பெட்ரோல் உங்குளுது.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன். ஆங், அந்த வண்டி. ஸ்நோ குரூசரு. எம்பையன் கிஷோரு செல்லுல காட்னான். நமக்கு சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடியே அமெரிக்காக்காரன் செஞ்சது. ஒலகத்துக்கு அடில ஐஸ்கட்டி ஊரு ஒண்ணு கீதே, பெங்குயின்லாம் நடக்குமே, அங்க ஓட்றதுக்குன்னே செஞ்சானாம். நீளம் நம்ம மாநகர பஸ்ஸு ஒண்ணரை. டயர மட்டும் இங்க நிக்க வெச்சா இந்த பேஸ்மென்ட்டு பார்க்கிங் சீலிங்ல இடிக்கும். உள்ள சமையக்கட்டு, படுக்கை, ஃபோட்டோ கழுவுற ரூமு. மேல மொட்டமாடில ஒரு ஏரோப்ளேனு. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். வண்டி தலையில ப்ளேனு. நம்மாளு மொபெட்ல பீரோவ கட்டிக்கினு போறான்ல, அந்த மாரி.

பந்தா தாங்கல. ஃபேக்டரிலேந்து கப்பலுக்கு ரோட்டுலயே ஓட்டிக்கினு போனானுங்களாம். ஊரே நின்னு வேடிக்க பாக்குது. நடுவுல பாலத்துலேந்து சறுக்கி ஓடைல எறங்கிடுச்சி. நான் அங்க இருந்தா அப்பவே சொல்லிருப்பேன், நைனா, ஓடையே தாண்டல, நீ ஐஸ தாண்டப் போறியா, ஊட்டுக்குப் போ.

கேக்கல. கப்பல்ல ஏத்தி, கொண்டும்போயி ஐஸ்ல எறக்குனான். சக்கரம் வர்ர்ர்னு சுத்துது, வண்டி நவுரல. அப்டியே குந்திக்கிச்சி. ஏன்னு கேளுங்க. டயர்ல பட்டனே இல்ல சார். பட்டன் இல்ல, கோடு இல்ல, வழவழன்னு மொட்ட டயரு. இங்க மழைல மொட்ட டயரோட ஆட்டோ வந்தாலே போலீஸ்காரரு ஓரங்கட்றாரு. இந்தக் கஸ்மாலம் ஐஸ்லயே போய்க்கீது. கிஷோரு சொல்றான், அப்பா, கோடு போட்டா அதுல பனி அப்பிக்கும்னு நெனச்சிட்டாங்கப்பா. நெனச்சாங்களாம். பெரிய நெனப்பு.

இருங்க, காமெடியே இனிமேதான். ஒருத்தன் கண்டுபுடிக்கிறான், ரிவர்ஸ் போட்டா போவுது. முன்னாடி போவாது, பின்னாடின்னா போவும். இங்கேந்து பாண்டிச்சேரி தூரம் சார், ரிவர்ஸ்லயே ஓட்டிக்கீறானுங்க. பின்னாடி நின்னு வரலாம் வரலாம்னு சொல்றதுக்கு ஆளு வேணாவா? என்னியக் கூட்டிக்கினு போயிருக்கலாம். இங்க நாள் பூரா எனக்கு அதான வேல. நேத்துகூட ஒரு அம்மா, வீடு மாரி வண்டி. அண்ணா, இன்னும் வரலாமாண்ணா? வாம்மா. இடிச்சிடாதுல்லண்ணா? இடிக்காதும்மா. லெஃப்ட்டுல ஒடின்னா ரைட்டுல ஒடிக்குது. டொம். தூண் அழுவுது சார், அந்தம்மா அழுவல.

இத எனக்கு இன்னாத்துக்குக் காட்னான்னா? அவன் டீசல் மெக்கானிக்கு. அந்த ஐஸ் ஊர்ல நம்ம கவர்மெண்ட்டு ஒரு எடம் கட்டி வெச்சிக்கீது. அங்க வண்டிங்கள பாத்துக்க எம்பையன செலக்ட் பண்ணிட்டாங்க. ஒரு வருசத்துக்கு மேல. நடுவுல குளிரு ஜாஸ்தியாச்சின்னா கப்பலும் போவாது, ப்ளேனும் போவாது. இங்க எவனுக்கு இன்னா ஆனாலும் அவனால வர முடியாது. அவனுக்கு ஒண்ணு ஆனாலும் நம்மளால போவ முடியாது.

வுடமாட்டேன்னேன். அங்க வண்டில்லாம் எப்டிடா ஓடும்னு கேட்டேன். அதுக்குத்தான் காட்னான். அப்பா, அந்தக் காலத்துல இப்டி, இப்ப பாரு, டயரே கெடயாது, பெல்ட்டுல ஓடும்னு அடுத்த வீடியோவ எடுத்தான். நான் அத பாக்கவே இல்ல. இத கெட்டியா புடிச்சிக்கினேன். அன்னிலேந்து ஊட்ல அவன் வாயத் தொறந்தா போதும், வர்ர்ர்னு சக்கரம் சுத்துற சவுண்டு வுடுவேன். அவனுக்குப் பேரே மொட்ட டயருன்னு வெச்சிட்டேன். டேய் மொட்ட டயரு, சாப்ட வா. டேய் மொட்ட டயரு, வெளக்க அமத்து.

அவங்கம்மா வசந்தி, நொச்சிக்குப்பத்துல மீனு விக்கிது. அது ஒருபக்கம் நெத்திலிக் கருவாட பொட்டலம் பொட்டலமா கட்டிக்கினு கீது. அங்கியும் கடல் கீதுடி, இந்த நாத்தத்துக்கு பெங்குயின்லாம் இவன் பின்னாடியே வரப்போவுதுன்னு நடந்து காட்னேன். இப்டி, கைய வெச்சிக்கினு. அது சிரிக்கல. கிஷோரும் சிரிக்கல. பெட்டிய பூட்டிட்டான்.

எப்பவா? இன்னிக்குத்தான். சாயங்காலம் ஃப்ளைட்டு. மொதல்ல கோவா, அங்கேந்து ஆப்பிரிக்கா, அப்பால ஐஸு. வேன் வெச்சிக்கினு எல்லாம் கெளம்பிட்டாங்க. யோவ் லூர்து, நீ வர்றியா இல்லியான்னு கேட்டுது வசந்தி. டூட்டி கீதுன்னேன்.

அந்த வண்டியா? அத அங்கியே வுட்டுட்டு வந்துட்டானுங்க. பனி மூடிடுச்சி. நடுவுல ஒரு தபா தோண்டிப் பாத்தாங்களாம், உள்ள வெச்சது வெச்ச மாரி இருந்துச்சாம். அப்பால அதுவும் காணோம். ஐஸுக்குள்ள கீதா, ஐஸு ஒடஞ்சி கடலுக்குள்ள பூட்ச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. போனா போவுது, தண்ட வண்டி.

ஓட்டிக்கினு போனவனுங்களா? வந்துட்டானுங்க சார். எல்லாம் ஊடு வந்து சேந்துட்டானுங்க. அத மொத நாளே கேட்டுட்டேன் அவன்கிட்ட. அது ஒண்ணுதான் உருப்படியா செஞ்சானுங்க.

தோ, மேடம் வர்றாங்க. குடுங்கம்மா பைய, டிக்கில வெக்கிறேன். சார், ஃபோன்ல ஆதம்பாக்கம் போணும்னு பேசிக்கினு இருந்தீங்கல்ல. ஏர்போர்ட்டு அங்கேந்து கொஞ்சம் தள்ளிதான். இல்ல, டூட்டி எப்பவோ முடிஞ்சிது, பாக்கலியா, யூனிஃபார்ம கழட்டிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். ஆட்டோ புடிச்சிப் போனா வேணும்னே வந்த மாரி ஆய்டும் சார். உங்க வண்டின்னா, கஸ்டமரு இந்தப் பக்கம் வந்தாரு, அப்டியே எறங்குனேன்னு சொல்லிக்கலாம்.

ஏறிக்கறேன் சார், ஏறிக்கறேன். மொதல்ல வண்டிய வெளிய எடுங்க, தூணு கீது. நான் பின்னாடி நின்னு சொல்றேன். ரிவர்ஸ் போட்டுக்கங்க. வரலாம். வரலாம். வரலாம்.